எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அக்குபஞ்சர் செய்துகொள்ளலாமா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்

மூலக்கடை முல்லை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. வடசென்னையில் மூலக்கடைக்கு அருகில் குடியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்தால், சாப்பாட்டு நேரம் போக இரவு ஒன்பது மணி வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

மாதவிடாய் வலி எனக்குப் பதினேழு வயதில் தொடங்கியது. கல்யாணமானால் சரியாகிவிடும், பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டும் ஆகி, மகளுக்கு எட்டு வயதும் ஆகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. 2021-இல்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார்கள்; கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாம். இடது சினைப்பையில் இருந்த ஐந்து சென்டிமீட்டர் சாக்லேட் கட்டியை (பழைய இரத்தம் நிறைந்த கட்டி) லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை மூலம் எடுத்துவிட்டு, தினமும் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அன்றுமுதல் மாதவிடாய் ஏறக்குறைய நின்றுவிட்டது. இந்த ஆண்டு எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் அடிவயிற்றிலும் இடது இடுப்பிலும் வலி இருக்கிறது. நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் மலம் கழிக்கும்போதும் அது கூடுகிறது. மாலையில் தொடை வரை இழுக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு மனமும் சோர்ந்துபோய், காரணமின்றி அழுகை வருகிறது. இதை மருத்துவரிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

கடையில் உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர், முழங்கால் வலிக்குத் தமக்குப் பலன் கொடுத்த அக்குபஞ்சர் நிலையம் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே இருந்தவர் நாடி பார்த்துவிட்டு, கையில் ஓரிடத்தை விரலால் சில நொடிகள் தொட்டார். ஊசி எதுவும் போடவில்லை. "மாத்திரை உங்கள் கழிவை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. அதை நிறுத்தினால்தான் கருப்பை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்றார். பதினைந்து முறை வரச் சொல்லியிருக்கிறார். என் அத்தைக்கும் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. மாதவிடாய் வராமல் இருப்பது எனக்கும் உள்ளூர அச்சமாகவே இருக்கிறது.

என் சந்தேகங்கள் இவைதாம். இந்த வலிக்கு அக்குபஞ்சர் உண்மையில் உதவுமா? மாத்திரையை நிறுத்தலாமா? கட்டியே இல்லாதபோது வலி எங்கிருந்து வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பெரம்பூர் டாக்டரம்மா

அன்புள்ள சகோதரிக்கு, அரசுப் பணியில் மகளிர் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் அவசரம் இருக்கிறது.

மாத்திரையால் கழிவு அடைபட்டிருக்கிறது என்பது தவறு. ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்படலம் தடித்து வளர்ந்து, பிறகு உதிர்வதுதான் மாதவிடாய். டைனோஜெஸ்ட் அந்தப் படலம் தடிக்காமலேயே பார்த்துக்கொள்கிறது. படலம் மெலிந்துவிடுவதால் உதிர்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. வராத இரத்தம் எங்கோ தேங்கி நிற்கிறது என்று எண்ணி நீங்கள் அஞ்ச வேண்டாம். அப்படி ஒன்று உருவாகவே இல்லை. எண்டோமெட்ரியோசிஸில் அதே வகைத் திசு சினைப்பையிலும், வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் வயிற்று உறையிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மாத்திரை அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் நிகழும் "சுத்தம்", அந்தத் திசுவுக்கு மறுபடியும் உயிர் கொடுப்பதாக முடியலாம். கட்டியை அறுவை செய்து எடுத்த பெண்களுக்கு, மாத்திரையின் துணை இல்லாதபோது கட்டி திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல்.

ஆனால் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மனச்சோர்வு இந்த மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் ஒன்று. உங்கள் மனம் பலவீனமானது என்று இதற்குப் பொருள் இல்லை. மாற்று வழிகள் இருக்கின்றன: வேறு வகை ஹார்மோன் மாத்திரை உண்டு, கருப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சுரக்கும் சாதனமும் உண்டு. மருந்தை மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. நாடி பார்த்த ஒருவரின் சொல்லுக்காக நிறுத்துவதும், மருத்துவருடன் பேசி மாற்றிக்கொள்வதும் ஒன்றல்ல.

கட்டி இல்லாதபோதும் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் ஒன்றாகவே உண்மையாக இருக்கலாம். முதலாவது, ஸ்கேனில் சாக்லேட் கட்டி தெரியும். வயிற்று உறையில் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும் நோய் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் மட்டும் நோய் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. நோயின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேர் விகிதம் இல்லை என்பதும் நாங்கள் நெடுங்காலமாகக் கண்டு வருவது. பெரிய கட்டியோடு வலியே இல்லாமல் வருபவர்களும் உண்டு, நான்கைந்து புள்ளிகளோடு துடித்துப்போய் வருபவர்களும் உண்டு. இரண்டாவது, பதினேழு ஆண்டுகள் வலி செய்தியையே சுமந்த நரம்புகளும் தண்டுவடமும் கூருணர்ச்சி கொண்டுவிடுகின்றன. சாதாரண அசைவையும் மலக்குடல் நிறைவதையும்கூட அவை வலி என்றே மூளைக்குச் சொல்லும். மூன்றாவதாக, வலிக்கு அஞ்சி, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் ஓயாமல் இறுகியே இருக்கப் பழகிவிடுகின்றன. உட்கார்ந்தால் வலி, மலம் கழிக்கையில் வலி, தொடைக்கு இழுப்பு என்று நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது, அந்தத் தசைகளை யாராவது பரிசோதித்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். கெகல் பயிற்சியை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். அது தளர்ந்த தசையை இறுக்குவதற்கானது, உங்களுக்கு வேண்டியது இறுகியதைத் தளர்த்துவதாக இருக்கலாம். குடல் சுவரில் நோய் இருந்தாலும் மலம் கழிக்கையில் வலிக்கும் என்பதால், அதையும் மருத்துவர் பார்க்கட்டும்.

இனி அக்குபஞ்சர். எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அக்குபஞ்சர் பற்றி 2011-இல் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்தபோது, தரத்தில் தேறியது 67 பெண்களிடம் நடத்திய ஒரே ஓர் ஆய்வுதான். சாதாரண மாதவிடாய் வலிக்கு 2016-இல் அதே அமைப்பு 42 ஆய்வுகளை, 4640 பெண்களின் விவரங்களைத் தொகுத்தது; எண்ணிக்கை பெரிது, ஆனால் பெரும்பாலானவற்றின் தரம் குறைவு என்பதால் உறுதியாக ஒன்றும் சொல்ல இயலவில்லை என்றே முடித்தார்கள். 2023-இல் சீனாவில் 106 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றுதான் சற்றுக் கவனமாகச் செய்யப்பட்டது. உண்மையான ஊசி ஒரு குழுவுக்கு, போலி ஊசி மற்றொரு குழுவுக்கு என்று 12 வாரம் கொடுத்தார்கள். உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு மாதவிடாய்க் கால வலி கூடுதலாகக் குறைந்தது. சிகிச்சை நின்ற பின் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வலிக்கு அக்குபஞ்சர் உள்ளிட்ட மருந்தில்லா முறைகளில் எந்த ஒன்றையும் குறிப்பாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றிருக்கிறது. அதே நேரம் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு ஒரே ஒரு சுற்று அக்குபஞ்சர், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மிகாமல், கொடுத்துப் பார்க்கலாம் என்று 2021-இல் சொன்னது.

ஆக, வலியை ஓரளவு, சில காலத்துக்குத் தணிக்கலாம். நோயைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை ஏற்றுக்கொண்டு, மாத்திரையோடு கூடுதலாகச் செய்து பார்க்க விரும்பினால் நான் தடுக்கமாட்டேன். உங்களுக்கு அங்கே செய்ததோ இந்த ஆய்வுகள் எதிலும் சோதிக்கப்பட்ட சிகிச்சையே அன்று. விரலால் தொடுவதை ஊசியின் கணக்கில் சேர்க்க முடியாது.


பெரம்பூர் 41

டாக்டரம்மா சொன்னதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு அடினோமயோசிஸ், அதாவது அந்தப் படலம் கருப்பையின் தசைக்குள்ளேயே இறங்கி வளரும் நோய். 2022-இல் பத்து வாரம், வாரம் ஒரு முறை, ஊசி போட்டுக்கொண்டேன். என் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

போவதற்கு முன் இரண்டு மாதம், போன காலம், பிறகு மூன்று மாதம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் தினமும் எழுதி வைத்தேன்: வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை வலி மாத்திரை, இரவு எத்தனை மணிக்கு விழித்தேன், சமைக்க முடிந்ததா. அந்த நோட்டு இல்லாவிட்டால் எனக்கு உண்மை தெரிந்திருக்காது. மூன்றாவது வாரத்தில் "பாதி வலி போய்விட்டது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் ஏழு ஐந்தாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து சிறிய விஷயமும் அல்ல. மாதத்துக்கு ஒன்பது மாத்திரை நான்காகக் குறைந்தது. இரவில் விழிக்காமல் தூங்கினேன். நிறுத்திய மூன்றாவது மாதம் வலி மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே வந்தது. பிறகு கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்துக்கொண்டேன், இப்போது பரவாயில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி ஏற்றியபின் அரை மணி நேரம் மங்கிய வெளிச்சத்தில் படுத்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், அடுப்பில் எதுவும் கொதித்துக்கொண்டிருக்காது. பதினைந்து ஆண்டு இல்வாழ்வில் அப்படி ஓர் அரை மணி எனக்குக் கிடைத்ததில்லை. வலி குறைந்ததில் ஊசியின் பங்கு எவ்வளவு, அந்த ஓய்வின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் அந்தப் பத்து வாரம் வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.


திருவொற்றியூர் தம்பி

அக்கா, தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். என் உடன்பிறந்த அக்காவுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு ஆண்டுகளாக அடிவயிற்று வலி இருந்தது. வீட்டருகே ஒரு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வலி ஊசி போட்டு அனுப்பினார்களே ஒழிய, காரணம் தேடவில்லை. அந்த வெறுப்பில்தான், ஊசி இல்லாமல் விரலால் தொடும் தொடு சிகிச்சைக்குப் போனார். எட்டு மாதம் போனார். மாலையில் லேசான காய்ச்சல் வந்தது, எடை குறைந்தது, மாதவிடாய் ஒழுங்கு தவறியது. ஒவ்வொன்றையும் "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றே அங்கே சொன்னார்கள். கடைசியில் வேறொரு மருத்துவர் கருப்பை உட்படலத்தைச் சிறிது எடுத்துச் சோதித்தபோது, அது காசநோய் என்று தெரிந்தது. நுரையீரலில் மட்டுமே வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நோய், கருப்பையிலும் கருக்குழாயிலும் வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைத்தது. நோய் குணமாகிவிட்டது. கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டது அடைபட்டதுதான்.

அக்குபஞ்சரையே நான் குறை சொல்லவில்லை. வரும் அறிகுறி எல்லாவற்றையும் நல்லது என்று சொல்பவரிடம் மட்டும் உடம்பை ஒப்படைக்காதீர்கள் என்றே சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும் வீடுகள் ஏராளம். காசநோய் எங்களுக்குத் தொலைவில் இருக்கும் நோய் அல்ல.


ஊசிமுனை

நான் இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்றவள். எங்கள் பாடத்திட்டத்தில் அக்குபஞ்சரும் உண்டு. கேள்வி கேட்ட சகோதரிக்குச் சில விவரங்களும், டாக்டரம்மாவுக்கு மரியாதையோடு ஒரு மாறுபாடும் சொல்ல வேண்டும்.

அக்குபஞ்சர் என்ற சொல்லுக்கே ஊசியால் குத்துதல் என்றுதான் பொருள். நாங்கள் பயன்படுத்தும் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மிகவும் மெல்லியது, உள்ளே துளையும் கிடையாது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி எறியும் ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி சரியான ஆழத்தில் இறங்கும்போது சுருக்கென்ற வலியைவிட, கனமாக, மந்தமாக, இழுப்பதுபோல ஓர் உணர்வு வரும். சீனர்கள் அதைத் "தே-சீ" என்பார்கள்.

இடுப்பு வலிக்கு ஏன் காலில் குத்துகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். உள் கணுக்கால் முண்டிலிருந்து உங்கள் கையால் நான்கு விரல் அகலம் மேலே, கால் எலும்பின் பின்விளிம்பில் இருக்கும் புள்ளிக்கு "சான்-யின்-ஜியாவ்" என்று பெயர்; பெண்களின் வலிக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது அது. அதன் ஆழத்தில் ஓடும் நரம்பின் வேர்கள், கருப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடுப்புத் தளத்துக்கும் நரம்பு அனுப்பும் அதே தண்டுவடப் பகுதியிலிருந்து வருகின்றன. அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லைக்கு நவீன மருத்துவத்திலேயே அதே இடத்துக்கு அருகில் மெல்லிய ஊசி ஏற்றி, லேசான மின் தூண்டலை வாரம் ஒரு முறை அரை மணி வீதம் 12 வாரம் கொடுக்கிறார்கள். ஆகவே காலில் ஊசி என்பது மாயம் அல்ல. உடல் தானே சுரக்கும் எண்டார்பின் வகை வலி தணிப்பான்களும் இதில் பங்கெடுக்கின்றன. நாலாக்சோன் மருந்து அவற்றைத் தடுக்கும்போது ஊசியின் பலனும் குறைவதை 1970-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

என் மாறுபாடு போலி ஊசி பற்றியது. 1998-இல் வெளிவந்த ஸ்ட்ரைட்பெர்கர் ஊசி, நாடகக் கத்தி போலக் கைப்பிடிக்குள் மடங்கி, தோலைத் துளைக்காமல் தொட்டு நிற்கும். ஆனால் தோலை அழுத்துவதும் நரம்பைத் தூண்டும் செயல்தானே? போலியோடு ஒப்பிடும்போது வேறுபாடு சிறியது, சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிடும்போது பெரியது என்று பல ஆய்வுகளில் வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி போன்ற நாள்பட்ட வலிகளில் 39 ஆய்வுகள், 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2018-இல் வெளியான தொகுப்பிலும் இதே போக்குதான் தெரிந்தது.

நம் நாட்டில் மத்திய அரசு 2003-இல் அக்குபஞ்சரைச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டு, 2019-இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் பெயர்ப்பலகை வைத்த ஒவ்வொருவருக்கும் சேராது. அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூலக்கடையிலிருந்து பேருந்தில் போய்விடலாம். தனியாரிடம் பணம் கட்டுமுன் அங்கே விசாரியுங்கள். எங்கே போனாலும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தாலும் சொல்லுங்கள். டைனோஜெஸ்ட் கருத்தடை மாத்திரையாகக் கருதப்படுவதில்லை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நான் சொன்ன அந்தக் கணுக்கால் புள்ளியைக் கருவுற்றவர்களுக்குத் தவிர்ப்பது மரபு.


பெரம்பூர் டாக்டரம்மா

தோலை அழுத்துவதும் தூண்டல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன், தங்கையே. ஆனால் நீங்கள் சொன்ன 20,827 பேரில் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்காரர்கள் இல்லை. முழங்காலுக்குச் சரிப்பட்டது கருப்பைக்கும் சரிப்படும் என்று தாவ முடியாது. நம் சகோதரியை முதலில் அங்கே அழைத்துச் சென்றதும் முழங்கால் வலி குணமான கதைதானே. சிறுநீர்த் தொல்லைக்கான மின் தூண்டலும் வேறு நோய்க்கு, வேறு அளவையால் சோதிக்கப்பட்டது. மேலும் சீனாவில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் வாரத்துக்குப் பலமுறை ஊசி ஏற்றுகிறார்கள். நம் ஊரில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் வாய்ப்பதே அரிது. அந்த அளவில் அதே பலனை வாக்களிக்கக் கூடாது.

மற்றபடி, நீங்கள் கண்முன் உறை பிரிக்கச் சொன்னதையும், மற்ற மருந்துகளை நிறுத்தச் சொல்லாததையும் படித்து மகிழ்ந்தேன்.


கடைத்தெரு ஊழியர்

மருத்துவம் எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இலேயே திருத்தம் வந்துவிட்டது. இருக்கை கேட்பது சலுகை கேட்பது அல்ல, சகோதரி. நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள்.


மூலக்கடை முல்லை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவை அனைத்தையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். படலம் வளராததால்தான் மாதவிடாய் வரவில்லை, எதுவும் உள்ளே தேங்கவில்லை என்ற பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் அந்த வயதில் இதே வலி இருந்ததாம். முப்பத்தெட்டு வயதில் கருப்பையை எடுத்துவிட்டார்கள், அதன்பின்பும் நான்கு ஆண்டு வலித்தது என்று முதன்முறையாக என்னிடம் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

மாத்திரையை நிறுத்தவில்லை. வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறேன். மனச்சோர்வைச் சொல்லப் போகிறேன், இடுப்புத் தளத் தசைகளைப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். தம்பி எழுதியதைப் படித்தபின், காசநோய்க்குச் சோதிக்க வேண்டுமா என்பதையும் கேட்பேன். நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் "வலி 6, மாத்திரை 1, இரவு 2 மணிக்கு விழித்தேன்" என்று எழுதியிருக்கிறேன். மருத்துவர் சம்மதித்தால் அரும்பாக்கத்தில் விசாரித்து, பத்து முறை மட்டும் ஊசி போட்டுப் பார்ப்பேன். நோட்டில் இரண்டு புள்ளியாவது குறையாவிட்டால் நிறுத்திவிடுவேன். தொடு சிகிச்சைக்குத் திரும்பப் போகமாட்டேன் என்று அந்த அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இருக்கை கேட்க முதல் ஆளாகத் தாம் வருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மாத்திரை சாப்பிடும்போதும் சில மாதங்களில் இரண்டு நாள் லேசாக இரத்தக் கசிவு வருகிறது. அந்த நாட்களில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?


ஊசிமுனை

போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. அடிவயிற்றில் ஊசி ஏற்றுவதாக இருந்தால் எந்த நாளாக இருந்தாலும் முதலில் சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சிலருக்கு முதல் முறை தலைசுற்றும், அதனால் உட்கார்ந்த நிலையில் வேண்டாம், படுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். ஊசி எடுத்த இடத்தில் ஒரு துளி இரத்தம் வந்தாலோ தோல் சிறிது கன்றினாலோ அஞ்ச வேண்டாம்.

கசிவு அதிகமானாலோ, திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ எங்களிடம் வராதீர்கள். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மூலக்கடையிலிருந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் உங்களுக்குத் தொலைவில் இல்லை.